ஃபிக்ரெத்தின் பேருந்தில் ஓடிய வானொலி

ஃபிக்ரெத் தன் கையாலேயே வாங்கி மாட்டிய வானொலி அது. பள்ளிப் பேருந்தை அவனிடம் ஒப்படைத்தபோது அதில் வானொலி கிடையாது. அது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டைதான் இருந்தது. பக்கத்து நகரமான ஹாஸ்கோவோவின் சந்தையில் பழைய சாமான் விற்பவனிடம் மல்லுக்கட்டிப் பேரம் பேசி ஒரு பெட்டியை வாங்கி வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து கிடந்து கம்பி இழுத்தான். கடைசி இருக்கைப் பிள்ளைகளுக்கும் கேட்க வேண்டும் என்று பின்பக்கம் இரண்டு ஒலிபெருக்கி வேறு. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் செய்தான். அது சூனியம் என்று தெரிவதற்குள் பல வருஷம் ஓடிவிட்டது.

பிறந்தது பல்கேரியாவில், எல்லையோரம் இருக்கிற எங்கள் ஸ்லிவாக்கில்தான். புகையிலை போட்டுப் பிழைத்த துருக்கியக் குடும்பம். அவனுக்குப் பத்து வயதாக இருக்கும்போது, முழங்கால் அளவு பனி கிடந்த ஒரு ஜனவரியில், சீருடைக்காரர்கள் ஜீப்பில் வந்து இறங்கி ஊரிலிருந்த துருக்கியர் அத்தனை பேரின் பெயரையும் மாற்றிவிட்டுப் போனார்கள். ஃபிக்ரெத் ஃபிலிப் ஆனான். அவன் அப்பா ஹலீல் ஹரலம்பி ஆனார். அந்த வாரம் தொலைக்காட்சியில் தலையை அழகாக வாரிய ஒரு பெண், மக்கள் தாங்களாகவே மனமுவந்து தங்கள் பழைய பல்கேரியப் பெயர்களுக்குத் திரும்புகிறார்கள் என்று சிரித்த முகத்தோடு வாசித்தாள். ஹலீல் எழுந்து போய்ப் பெட்டியின் மேல் ஒரு கம்பளியைப் போட்டு மூடினார். அப்புறம் அதைத் திறக்கவே இல்லை.

செய்தி என்றால் என்ன என்பதை இதற்கு மேலும் ஒருவனுக்கு எப்படிப் புரியவைப்பது? கொள்ளிக்கட்டையால் சுட்ட மாதிரி உறைத்திருக்க வேண்டும். ஆனால் ஃபிக்ரெத் மறந்துவிட்டான். அவன்மேல் எனக்குள்ள கோபமெல்லாம் அதுதான்.

எல்லை திறந்த வருஷம் குடும்பத்தோடு துருக்கிக்குப் போனார்கள். அங்கே பூர்சாவில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் அவனைப் ‘பல்கேரியப் பயல்’ என்று கூப்பிட்டு அடித்தார்கள். ஒரு குளிர்காலம் தாக்குப்பிடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். பெயரைத் திரும்ப வாங்கினான், லாரி ஓட்டினான், சப்ரியேயைக் கட்டினான், கடைசியில் பள்ளிப் பேருந்துக்கு வந்து சேர்ந்தான். ஸ்லிவாக்கும் சுற்றியுள்ள சின்ன ஊர்களும் சேர்ந்து பெற்ற பிள்ளைகளைக் காலையில் நகரத்துப் பள்ளிக்கு ஏற்றிப்போய் மாலையில் இறக்கிவிடுவது வேலை. அந்தப் பிள்ளைகள்மேல் அவனுக்கு அப்படி ஒரு பிரியம். யாருக்கு எந்த வளைவில் குமட்டும், யார் வீட்டுப்பாடத்தை வண்டியில் எழுதுவான், எவனுக்கு எவள்மேல் கண் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஊர் அவனுக்குக் கொடுத்த ஒரே மரியாதையும் அந்தச் சாவிதான்.

வானொலியில் அவன் வைப்பது ஒரே அலைவரிசை. இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சியில் வருகிற கமென் என்பவன்தான் காலையில் அந்த வானொலியிலும் பேசுவான். கரடுமுரடான தொண்டை. எல்லாவற்றையும் ரகசியம் மாதிரி ஆரம்பித்து ஊளையில் முடிப்பான்.

“அப்போ இருந்தது கவர்மெண்ட்டு செய்தி, பூரா பொய்யி,” என்பான் ஃபிக்ரெத். “இவன் தனியாளு. எவனுக்கும் பயப்பட மாட்டான். உள்ளத உள்ளபடி போட்டு ஒடைக்கிறான் பாரு!”

சப்ரியே இதைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள். “அவன் மூஞ்சியப் பாக்கலேன்னா உங்களுக்கு ரொட்டி எறங்காதே.”

கமென் எதை உடைத்தான்? ஒரு மாதம் ஜிப்சிகள் என்கிற ரோமா மக்கள். அவர்கள் திருடுவதும் பிள்ளை பெறுவதும் தவிர வேறெதுவும் செய்வதில்லை. அடுத்த மாதம் எல்லை தாண்டி வருகிற சிரியாக்காரர்கள், ஆப்கானியர்கள். ஒவ்வொருவன் சட்டைக்குள்ளும் ஒரு கத்தி, இல்லாவிட்டால் ஒரு குண்டு. பிறகு ஏதாவது ஒரு மசூதி, ஏதாவது ஒரு முக்காடு. பால்பல் விழுந்த பிள்ளைகள் முதல் மீசை முளைத்த பையன்கள் வரைக்கும் தினமும் காலையில் தூக்கக் கலக்கத்தில் இதைக் கேட்டபடிதான் பள்ளிக்குப் போனார்கள். கமெனைப் போலவே பேசிக்காட்டுவதில் கலோயான் என்ற பையன் கெட்டிக்காரன். ஃபிக்ரெத் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரிப்பான்.

ஓட்டுநருக்கு நேர் பின்னால் இருக்கிற இருக்கை தெசிஸ்லாவாவுடையது, எல்லாருக்கும் அவள் தெசி. பின்னால் உட்கார்ந்தால் வாந்தி எடுத்துவிடுவாள் என்று முதல் வகுப்பிலேயே அவளை ஃபிக்ரெத் அங்கே உட்கார வைத்தான். அவளுக்காகவே சட்டைப் பையில் எலுமிச்சை மிட்டாய் வைத்திருப்பான். துருதுருவென்று ஆயிரம் கேள்வி கேட்கிற பெண்.

எல்லையில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்துகொண்டிருந்த ஓர் இலையுதிர் காலம். மழை பெய்து ஓய்ந்த காலை. சூரியகாந்திக் காட்டோரம் இரண்டு பேர் நடந்து வந்தார்கள், ஆணும் பெண்ணும். அவள் தோளில் போர்வை சுற்றிய ஒரு குழந்தை. ஆண் சாலைக்கு வந்து இரண்டு கையையும் ஆட்டினான். ஃபிக்ரெத் வேகத்தைக் கூட்டினான். குழியில் கிடந்த சேறு அவர்கள்மேல் அப்படியே வாரி அடித்தது. பின்னிருக்கையில் கைதட்டல் எழுந்தது.

தெசி எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “மாமா, அந்தப் பாப்பாவோட போர்வைக்குள்ளகூடக் குண்டு இருக்குமா?”

“யாருக்குத் தெரியும்? ரேடியோல சொன்னாங்கல்ல.”

அவள் ஜன்னல் வழியாக அந்தக் குழந்தை மறைகிறவரை திரும்பிப் பார்த்தாள். பிறகு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள்.

இனி புனித ஜார்ஜியார் திருநாளுக்கு வருகிறேன். மே மாதம் அந்த நாளில் எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்கள் கோயில் முற்றத்தில் குர்பான் கொடுப்பார்கள். பெயர் ஒன்றுதான், துருக்கியர் தங்கள் பெருநாளில் செய்வதற்கும் அதே பெயர். ஆட்டின் கொம்பில் மெழுகுத்திரி ஏற்றுவார்கள், பாதிரியார் மந்திரித்துத் தூபம் காட்டுவார், அறுப்பார்கள். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அந்த இரத்தத்தில் ஒரு பொட்டு நெற்றியில் வைப்பார்கள். பிறகு கொப்பரையில் சூப்பு கொதிக்கும். ஊரே தூக்குச்சட்டியோடு வரிசையில் நிற்கும். அறுப்பதும் சமைப்பதும் ஃபிக்ரெத். அவனுக்கு முன்னால் ஹலீல். வெட்டு ஒரே இழுப்பில் விழ வேண்டும், ஆடு துடிக்கக் கூடாது. கிறிஸ்தவர்களில் யாருக்கும் அந்தக் கை வாய்க்கவில்லை. கத்தியை வைக்கும்போது அவன் வாய்க்குள் பிஸ்மில்லா சொல்வான். அது பாதிரியாருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஒரு ஈ காக்கை அதற்காக முகம் சுளித்ததில்லை.

அந்த வருஷமும் அப்படித்தான் நடந்தது. ஊர்த் தலைவர் ஜெல்யாஸ்கோ, ஃபிக்ரெத்தோடு ஒரே பெஞ்சில் படித்தவன், இரண்டு கொம்பையும் பிடித்திருந்தான். அத்தனாஸ் பாதிரியார் தூபம் காட்டினார். பிள்ளைகள் நெற்றியை நீட்டிக்கொண்டு முண்டியடித்தார்கள். மஞ்சள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கையிலிருந்த செல்பேசியால் எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டே தெசியும் வந்தாள். பள்ளி இறுதித் தேர்வுக்குச் சில வாரமே இருந்தது.

“எனக்கும் ஒண்ணு வைங்க மாமா. நல்லா அழுத்தி வைங்க. இலக்கியப் பரிச்சை ரொம்பக் கஷ்டமாம்.”

“பாசாகலேன்னா ஆட்டு மேல பழி போடக் கூடாது,” என்று சொல்லிக் கட்டைவிரலால் அழுத்தி வைத்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு தொலைக்காட்சி வண்டி வந்து நின்றது. எல்லை வேலியைப் படம் பிடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள், புகையைப் பார்த்து இறங்கினார்கள். கமெனின் ஆட்கள். ஃபிக்ரெத்துக்குத் தலைகால் புரியவில்லை. இரத்தக் கையைக் கவசத்துணியில் துடைத்துக்கொண்டு ஓடிப்போய், “கமென் வரலையா? நான் அவர விடாம கேக்குறேன்னு சொல்லுங்க!” என்றான். படமெடுக்கிறவன் அவன் கையையும் கத்தியையும் கிட்டத்தில் போய் எடுத்தான். ஃபிக்ரெத் கேமராவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

ஒலிவாங்கியோடு வந்த பெண் ஜெல்யாஸ்கோவைத் தனியே பிடித்தாள். இறைச்சிக்கூடத்துக்கு வெளியே பொது இடத்தில் அறுப்பதற்கு அனுமதி இருக்கிறதா, கால்நடை அதிகாரிக்குத் தெரியுமா, பிள்ளைகள் முகத்தில் இரத்தம் பூசுவது யார் உத்தரவு என்று அடுக்கினாள். அனுமதியாவது ஒன்றாவது. ஜெல்யாஸ்கோவின் கண் இங்குமங்கும் அலைந்தது, ஃபிக்ரெத்மேல் வந்து நின்றது.

“அது… அவங்க வழக்கம்,” என்றான். “நாங்க தலையிடுறதில்லீங்க.”

கூடப் படித்தவன் வாயிலிருந்து நாலே வார்த்தை. தன் தலை தப்பினால் போதும் என்று அடுத்தவன் தலையை நீட்டிக் கொடுத்தான், கோழை.

எட்டு மணிக்கு ஃபிக்ரெத் சப்ரியேயையும் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தான். “பாரு, நம்ம சூப்ப நாடே பாக்கப்போவுது.”

கமென் ரகசியக் குரலில் ஆரம்பித்தான். எல்லையிலிருந்து சில மைல் தொலைவில், பல்கேரியப் பிள்ளைகளை நம்பி யாரிடம் ஒப்படைத்திருக்கிறோம் தெரியுமா? திரையில் கத்தி. இரத்தம். பிள்ளைகளின் நெற்றியில் கட்டைவிரல். முகங்களையெல்லாம் கலங்கலாக்கியிருந்தார்கள், ஃபிக்ரெத்தின் முகத்தைத் தவிர. கொம்பிலிருந்த மெழுகுத்திரி இல்லை. தூபம் இல்லை. பாதிரியார் இல்லை, ஓர் ஓரத்தில் அவருடைய கறுப்பு அங்கியின் விளிம்பு மட்டும் தெரிந்தது. ‘அவங்க வழக்கம்’ என்றான் ஜெல்யாஸ்கோ. இதே கைதான் காலையில் பள்ளிப் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறது என்று கமென் ஊளையிட்டான். அதற்கப்புறம் எங்கோ தூர தேசத்தில் முகமூடி போட்டவர்கள் கொடி பிடித்துப் போகிற படம். கடைசியில் மறுபடியும் ஃபிக்ரெத்தின் சிரிப்பு.

சப்ரியே வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபிக்ரெத்துக்குக் கோபம்கூட வரவில்லை. “எடிட் பண்றப்போ ஏதோ தப்பு நடந்திருக்கு,” என்றான். “நாளைக்குப் போன் போட்டுச் சொன்னாத் திருத்திடுவாங்க.” மறுநாள் போன் போட்டான். அந்தப் பக்கம் பெயரைக் கேட்டார்கள். சொன்னான். வைத்துவிட்டார்கள்.

அன்று காலையிலேயே நிறுத்தங்களில் பாதிப் பிள்ளைகளைக் காணோம். ஏறியவர்களும் வணக்கம் சொல்லாமல் ஏறினார்கள். முதல் வகுப்புப் பொடியன் ஒருவன் ஈரத்தாளால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே வந்தான், தோல் சிவந்துபோயிருந்தது. தெசி வந்தாள். தன் இருக்கையைத் தாண்டிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். வாந்தி வருமே என்றுதான் ஃபிக்ரெத்துக்கு முதலில் தோன்றியது.

வண்டி கிளம்பியதும் வானொலியில் கமென் பேச ஆரம்பித்தான். ஸ்லிவாக் என்ற பெயர் வந்தது. ஃபிக்ரெத் கையை நீட்டினான்.

“அணைக்காதீங்க மாமா,” என்றான் கலோயான் பின்னாலிருந்து. “உங்களப் பத்தித்தான் பேசுறாங்க. சவுண்டா வைங்க.”

“கலோயான், நீயும் அங்கதானடா இருந்த? வெறகு எடுத்துக் குடுத்தது நீதான? மூணு கிண்ணம் குடிச்சியே!”

“அதான் ராத்திரி பூரா வயிறு சரியில்ல. என்னத்தக் கலந்தீங்க?”

குபீரென்று சிரிப்பு. “மாமா, அடுத்த ஸ்டாப்புல எங்கள அறுக்கப்போறீங்களா?” என்று இன்னொருவன். “ஓரமா நிறுத்தி ஒரே இழுப்பு!” முந்தின இரவே கலோயான் அந்தப் படத்தை நண்பர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தான். அதில் கலங்கலான முகத்தோடு கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நிற்பவன் அவனேதான். அவன் அம்மா காட்டியும் அவன் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

ஃபிக்ரெத் வானொலியை அணைத்தான். பிள்ளைகள் தங்கள் செல்பேசிகளில் அதே குரலை ஓடவிட்டார்கள். ஒரு பெட்டியில் வந்தது பத்துப் பெட்டியில் வந்தது. நகரம் வரைக்கும் அப்படியே போனார்கள். கடைசி வளைவில் தெசி ஜன்னலைத் திறந்து வாந்தி எடுத்தாள். மாமா என்று கூப்பிடவில்லை.

வாரக் கடைசியில் ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஃபிக்ரெத் ஓட்டலாமா கூடாதா என்பதுதான் பேச்சு. பெற்றோர்கள் நாற்காலியில், வளர்ந்த பிள்ளைகள் சுவரோரம். ஸ்தோயன்கா என்பவள் எழுந்து, தன் மகன் தூக்கத்தில் அலறுகிறான் என்று அழுதாள். அவள் வீட்டுக் குளிர்பெட்டியில் ஃபிக்ரெத் சமைத்த சூப்பு இரண்டு தூக்கு இன்னும் உறைந்து கிடக்கிறது. அத்தனாஸ் பாதிரியாரைக் கேட்டார்கள். “நான் ஆசீர்வதிக்கிறதோட சரி. அதுக்கு மேல நடக்குறது எனக்குத் தெரியாது,” என்று தாடியைத் தடவினார்.

ஃபிக்ரெத் எழுந்தான். சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தான்.

“ஜெல்யாஸ்கோ, ஆட்டுக் கொம்பப் புடிச்சிருந்தது நீதான? யாரு குர்பான் அது? உங்க கோயில், உங்க திருநாள், உங்க ஆடு. நான் வெறும் கைதான?”

“உணர்ச்சிவசப்படாத ஃபிலிப்பு,” என்றான் ஜெல்யாஸ்கோ. அந்தப் பெயரை யாரும் முப்பது வருஷத்துக்கும் மேலாகச் சொன்னதில்லை. “யாரும் உன்னத் தப்பாச் சொல்லல. கொஞ்ச நாளைக்கு வண்டிய வேற ஆளு ஓட்டட்டும். சூடு ஆறட்டும். டிவிக்காரன் மறுபடியும் வந்தான்னா அபராதம் ஊரு தலைல விழும்.”

ஃபிக்ரெத் நாற்காலிகளைப் பார்த்தான். ஒவ்வொரு கண்ணும் தரையைப் பார்த்தது. உண்மை தெரியாதவர் அங்கே ஒருவர்கூட இல்லை. பெரியவர்கள் பயந்துகொண்டு பேசாமல் இருந்தார்கள். அது அவனுக்குப் புரிந்தது, பழகியதும்கூட. ஆனால் பிள்ளைகள் பேசுவார்கள் என்று நம்பினான். சுவரோரம் மஞ்சள் ஜாக்கெட் தெரிந்தது.

“தெசி,” என்றான். குரல் இறங்கிப்போயிருந்தது. “நீ பூராத்தையும் போன்ல எடுத்தியேம்மா. பாதிரியாரு, மெழுகுத்திரி, எல்லாம் அதுல இருக்குமே. நீயாத்தான வந்து பொட்டு வைக்கச் சொன்ன? அதக் காட்டு. போதும்.”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் முகம் சிவந்தது.

“அழிச்சுட்டேன்.”

“அழிச்சா என்ன, பாத்தது நீதான? வாயத் தொறந்து சொல்லு.”

அவள் பொய் சொல்ல நினைக்கவில்லை. அதுதான் கொடுமை. யோசித்து யோசித்து, நேர்மையாகவே பதில் சொன்னாள்.

“அன்னைக்கு எனக்கு எதுவும் தப்பாத் தெரியல மாமா. டிவில பாத்ததுக்கு அப்புறம்தான் பயமா இருந்துச்சு. நீங்க கத்திய வைக்கிறப்போ வாய்க்குள்ள ஏதோ சொன்னீங்க. நாங்க பக்கத்துலதான் நின்னோம், சிரிச்சுக்கிட்டு நின்னோம். என்ன சொன்னீங்க, எதுக்கு ரத்தத்த வச்சீங்க…”

“தெசி, நான் ஒன்ன மொத வகுப்புலேர்ந்து கூட்டிட்டுப் போறேன். நான் உனக்குக் கெடுதல் பண்ணுவேனா?”

“யாருக்குத் தெரியும்?” என்றாள் அவள். “டிவில சொன்னாங்கல்ல.”

சேறு, ஜன்னல், அந்தப் போர்வைக் குழந்தை, எல்லாம் ஃபிக்ரெத்தின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தச் சொல் தனக்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான்.

மண்டப வாசலில் பேருந்து நின்றது. கதவைத் தள்ளித் திறந்து ஏறினான். கருவிப்பெட்டியிலிருந்து திருப்புளியையும் குறட்டையும் எடுத்தான், ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்தான். தான் இழுத்த கம்பியைத் தானே அறுத்தான். பெட்டியைப் பிடுங்கி எடுத்தான். பின்னால் போய் இரண்டு ஒலிபெருக்கியையும் கழற்றினான். எல்லாவற்றையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கியபோது வாசல் முழுக்க ஆட்கள். பிள்ளைகள் செல்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்கள்.

“எதையோ கழட்டிட்டுப் போறாரு பாருங்கடா!”

“கிட்டப் போகாதீங்க, கம்பியெல்லாம் தொங்குது!”

ஃபிக்ரெத் அவர்கள் நடுவே நடந்தான். வழி தானாக விலகியது. கலோயான்கூடக் கமெனைப் போலப் பேசிக்காட்டவில்லை; கை நடுங்காமல் படமெடுப்பதிலேயே குறியாக இருந்தான். பாலத்தின் மேல் போய் நின்ற ஃபிக்ரெத், பெட்டியையும் ஒலிபெருக்கிகளையும் ஒவ்வொன்றாக ஆற்றில் போட்டான்.

மறுநாள் எட்டு மணிக்கு அதுவும் வந்தது. வேலை பறிபோன ஓட்டுநர் பள்ளிப் பேருந்துக்குள் புகுந்து கம்பிகளை அறுத்தார். மர்மப் பொருள் ஒன்றை ஆற்றில் வீசினார். பிள்ளைகள் தெய்வாதீனமாகத் தப்பினார்கள். எடுத்தவன் பெயர் கீழே ஓடியது: கலோயான். ஊரே அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தது. சப்ரியே பெட்டியை அணைக்க எழுந்தாள். ஃபிக்ரெத் வேண்டாம் என்றான். உள்ளே போய் ஒரு கம்பளியை எடுத்து வந்து, கமென் பேசிக்கொண்டிருக்கும்போதே பெட்டியின் மேல் போட்டு மூடினான். கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்துகொண்டேதான் இருந்தது.

திங்கட்கிழமையிலிருந்து வேறு ஆள் ஓட்டுகிறான். வானொலி இல்லாமல் பிள்ளைகளுக்குப் போரடிக்கிறதாம். பெற்றோர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். பழையதைவிட இதில் சத்தம் நன்றாக இருக்கிறது. காலையில் பேருந்து ஃபிக்ரெத்தின் வீட்டைத் தாண்டும்போது, வாசலில் நிற்கிற அவனுக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்கிறது.